ஆம்ப் வாங்கும் முன் காது மெத்தையைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, நான் கோவையில் விடுதியில் தங்கி மூன்றாம் ஆண்டு பொறியியல் படிக்கிறேன். பிளஸ் டூ முடித்தபோது மாமா வாங்கித் தந்த ஆடியோ-டெக்னிகா எம்20எக்ஸ் ஹெட்போனைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன். லேப்டாப்பில் நேராகச் செருகிக் கேட்பேன். கர்னாடக சங்கீதமும் பழைய திரைப்பாடல்களும் அதிகம் கேட்பேன். நண்பர்களின் குறும்படங்களுக்கு ஒலி வேலையும் செய்கிறேன். சில மாதங்களாக பேஸ் குறைந்து, டப்பாவுக்குள் இருந்து வருவதுபோல் கேட்கிறது. சார்ஜர் போட்டால் 'உய்ங்' என்று ஒரு இரைச்சலும் வருகிறது. என் போனில் ஹெட்போன் ஜாக் இல்லை. இன்டர்ன்ஷிப் பணத்தில் 8,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். "ஆம்ப் இல்லாமல் ஹெட்போன் முழுசாகப் பாடாது" என்று அறைத்தோழன் சொல்கிறான். டிஜிட்டல் ஒலியை மின்னலையாக மாற்றி (டாக்), அதைப் பெருக்கியும் தரும் (ஆம்ப்) ஒரு டாக்-ஆம்ப் கருவியை 7,500 ரூபாய்க்குப் பார்த்து வைத்திருக்கிறோம். வாங்கலாமா? சிடியைவிட உயர்ந்த தரத்தில் பாட்டு தரும் ஹை-ரெஸ் சந்தாவும் எடுக்க வேண்டுமா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்:

அன்புள்ள தம்பி,

நீங்கள் கேட்டது ஆம்ப் பற்றி. எனக்கு முக்கியமாகப் பட்டதோ நடுவில் போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு விஷயங்கள்: பேஸ் குறைந்தது, சார்ஜர் போட்டால் இரைச்சல் வருவது. இவை இரண்டும் தனித்தனிக் கோளாறுகள். முதல் கோளாறுக்கும் ஆம்ப்புக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டாவதற்கு 7,500 ரூபாய் தேவையில்லை. அதனால் அந்தப் பணத்தை இப்போதைக்கு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படித்து முடித்ததும் ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். நன்றாகப் பழகிய ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டு, தனி ஆவர்த்தனம் வரும் இடத்துக்குப் போங்கள். ஹெட்போனை வழக்கம்போல் மாட்டிக் கேளுங்கள். பிறகு இரண்டு உள்ளங்கைகளாலும் இரண்டு கப்புகளையும் தலையோடு சேர்த்து மெதுவாக அழுத்துங்கள். மிருதங்கத்தின் இடந்தலை திடீரென்று கனத்து, 'தொம்' என்று அடிவயிற்றில் இறங்குகிறதா? கையை எடுத்ததும் மறுபடி மெலிகிறதா? அப்படியானால் உங்கள் பேஸ் எங்கும் போகவில்லை. காது மெத்தையின் ஓரமாகக் கசிந்துகொண்டிருக்கிறது.

உங்களுடையது மூடிய வகை ஹெட்போன். ஒலியை எழுப்பும் டிரைவர் என்ற பாகத்துக்கும் செவிக்கும் நடுவில் மெத்தை ஒரு சின்ன அடைப்பை உண்டாக்குகிறது. தாழ்ந்த ஸ்வரங்களின் அழுத்தம் அந்த அடைப்புக்குள்தான் நிற்கும். சிறு இடைவெளி விழுந்தாலும் முதலில் வெளியேறுவது பேஸ்தான். மேல் ஸ்தாயி ஒலிகளுக்கு அவ்வளவு பாதிப்பு வராது. அதனால் மொத்த ஒலியும் டப்பாத்தனமாக, நடுப்பகுதி மட்டும் துருத்திக்கொண்டு கேட்கும். நீங்கள் எழுதிய வார்த்தையும் அதுதான். இரண்டு ஆண்டுக்கு மேல் தினமும் பயன்படுத்திய மெத்தையில் இது எந்தக் கம்பெனி ஹெட்போனிலும் நடப்பதுதான். உள்ளே இருக்கும் பஞ்சு அமுங்கிப்போகும். மேலே இருக்கும் செயற்கைத் தோல் நம் ஊர் ஈரக்காற்றுக்கும் வியர்வைக்கும் தலையில் வைக்கும் எண்ணெய்க்கும் உரிந்து, கறுப்புச் செதிலாகக் காதில் ஒட்டும். பஞ்சு அமுங்கினால் டிரைவர் காதுக்கு இன்னும் நெருங்கி வரும். அதுவும் ஒலியின் குணத்தை மாற்றிவிடும். கண்ணாடி போடுபவராக இருந்தால், காதோரம் அதன் கம்பி போகும் இடத்திலும் ஒரு கசிவு உண்டு. கண்ணாடியைக் கழற்றிவிட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இந்த எம் வரிசை ஹெட்போன்களுக்கு மாற்று மெத்தைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஐந்நூறிலிருந்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். வெல்வெட் துணி மெத்தை சுகமாக இருக்கும், வியர்க்காது. ஆனால் அது காற்றை விடும் என்பதால் பேஸ் மறுபடி குறையும். உங்களுக்குத் தோல் மாதிரியான மெத்தைதான் சரி. மாற்றுவது சுலபம். பழையதை ஓரத்திலிருந்து உரித்து எடுங்கள். புதியதன் உதட்டை ஒரு மூலையில் மாட்டி, தலையணைக்கு உறை போடுவதுபோல விரலால் சுற்றிக்கொண்டே வாருங்கள். பசை எதுவும் போடக்கூடாது.

ஒலி வேலை செய்கிறீர்கள் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். படப்பிடிப்பில் மைக்குக்குள் ஏறும் ஹம் என்ற மின்சார இரைச்சல் 50, 100 ஹெர்ட்ஸில்தான் உட்கார்ந்திருக்கும். கசியும் மெத்தையில் அந்த இடம் உங்களுக்குச் சரியாகக் கேட்டே இருக்காது. கடந்த சில மாதங்களில் நீங்கள் முடித்துக் கொடுத்த படங்களில் அந்த ஹம் அப்படியே இருக்கலாம். பேஸ் போதவில்லை என்று நினைத்து இசையில் அதைக் கூட்டியும் வைத்திருப்பீர்கள். புது மெத்தை வந்ததும் அவற்றை ஒருமுறை திரும்பக் கேளுங்கள்.

சரி, இப்போது ஆம்ப் விஷயத்துக்கு வருவோம். உங்கள் நண்பர் சொல்வது எல்லா ஹெட்போனுக்கும் பொய் என்று சொல்ல மாட்டேன். உங்கள் ஹெட்போனுக்கு அது பொருந்தாது. நீங்கள் பொறியியல் மாணவர், கணக்கை நீங்களே சரிபார்க்கலாம். எம்20எக்ஸின் மின்தடை 47 ஓம். ஒரு மில்லிவாட் கொடுத்தால் 96 டெசிபல் சத்தம் தரும். சாதாரண லேப்டாப் ஜாக் ஒரு வோல்ட்டை ஒட்டித் தரும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வோல்ட்டின் வர்க்கத்தை 47-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 21 மில்லிவாட். திறன் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் 3 டெசிபல் கூடும். 21 மடங்கு என்றால் 13 டெசிபல். ஆக மொத்தம் 109 டெசிபல். அந்தச் சத்தத்தில் சில நிமிடங்கள் கேட்டாலே காதுக்கு ஆபத்து. வீட்டில் நிதானமாகக் கேட்பவர் 70, 75 டெசிபலில் கேட்பார். அதாவது, நீங்கள் கேட்கும் அளவுக்கு மேல் 30 டெசிபல் இப்போதே உங்கள் லேப்டாப்பில் சும்மா கிடக்கிறது. அதற்கு மேல் ஆம்ப் என்னத்தைக் கொடுக்கப்போகிறது?

ஆம்ப் உண்மையிலேயே வேண்டிய ஹெட்போன்கள் இருக்கின்றன. சென்ஹைசரின் எச்டி 600, 1997-லிருந்து விற்கிறது. அதன் மின்தடை 300 ஓம். பெயர்டைனமிக்கின் டிடி 770 ப்ரோ ஒரே பெயரில் 32, 80, 250 ஓம் என்று மூன்று வகையாக வருகிறது. அந்த 250 ஓம் ஹெட்போனுக்கு அதே ஒரு வோல்ட்டைக் கொடுத்தால் 4 மில்லிவாட்தான் போகும். மெல்லிய அளவில் பதிவான பழைய கச்சேரியைக் கேட்கும்போது வால்யூம் கடைசிவரை போயும் போதாமல் இருக்கும். அங்கே ஆம்ப் வாங்குவது நியாயம். இப்படி ஒரு ஹெட்போன் கைக்கு வரும் நாளில் ஆம்ப் பற்றிப் பேசலாம்.

உங்கள் நண்பர் ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. யாரோ ஒருவரின் ஆம்ப்பில் கேட்டிருப்பார், உண்மையாகவே நன்றாக இருந்திருக்கும். எனக்கும் அது நடந்தது. இருபது வருடத்துக்கு முன் சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் உதவியாளராக இருந்தேன். நாலு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு ஆம்ப் வாங்கினேன். முதல் நாள் கேட்டபோது பேஸ் நிறைந்து, பாடகர் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோல் இருந்தது. ஸ்டுடியோவில் எல்லோரிடமும் சொன்னேன். என் மூத்த பொறியாளர் எதுவும் பேசாமல் மல்டிமீட்டரை எடுத்தார். ஒரு டோனை ஓடவிட்டு, ஆம்ப்பின் வெளியீட்டையும் பழைய மிக்சரின் ஹெட்போன் வெளியீட்டையும் ஒரே வோல்ட்டேஜுக்குக் கொண்டுவந்தார். என்னைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு, இருபது முறை மாற்றி மாற்றிப் போட்டார். பதினொரு முறை சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் போட்டாலும் கிட்டத்தட்ட அவ்வளவு வரும். அந்த நாள் வரை எனக்கு நன்றாகக் கேட்டதெல்லாம் கூடுதல் சத்தம்தான்.

காது அப்படித்தான் அமைந்திருக்கிறது. 1933-ல் பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் இதை அளந்து காட்டினார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் சரியாக எட்டாது. சத்தம் கூடக் கூட பேஸ் தானாக நிறைந்துவிடும். ஒரு கருவி மற்றதைவிட ஒன்றிரண்டு டெசிபல் சத்தமாக இருந்தாலே அதுதான் தரமானது என்று மனம் தீர்ப்பு எழுதிவிடும். கடையில் இரண்டு கருவிகளை ஒப்பிட்டுக் காட்டும்போதும் இதை நினைவில் வையுங்கள். சத்தத்தைச் சமமாக்காமல் செய்யும் ஒப்பீட்டை நான் ஒப்பீடாகவே எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்தது சார்ஜர் இரைச்சல். சார்ஜரை உருவிவிட்டு பேட்டரியில் கேளுங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் ஹெட்போன் மேல் குற்றமில்லை. சார்ஜரின் பிளக்கைப் பாருங்கள். மூன்று கம்பி இருந்தால், மேலே இருக்கும் தடித்த கம்பி எர்த்துக்கானது. விடுதிகளில் பிளக் பாயின்ட் போதாமல் எல்லோரும் எக்ஸ்டென்ஷன் போர்டில்தான் ஓட்டுவார்கள். அந்த போர்டே இரண்டு கம்பி பிளக்கில் செருகியிருந்தால் எர்த் அங்கேயே அறுந்துவிடும். சார்ஜருக்குள் இருக்கும் சின்ன மின்தேக்கிகள் வழியாக வரும் கசிவு மின்சாரம் பூமிக்குப் போக வழியில்லாமல் லேப்டாப்பின் உடம்பிலேயே தங்கும். உலோக உடம்புள்ள லேப்டாப் என்றால், சார்ஜ் ஏறும்போது மேல்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். மெல்லிய அதிர்வு, கூச்சம் மாதிரி தெரிந்தால் எர்த் இல்லை என்பதற்கு அது ஒரு அடையாளம். சுவரில் இருக்கும் மூன்று துளை பாயின்ட்டில் நேராகச் செருகிப் பாருங்கள். அப்போதும் இருந்தால் விடுதி எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். அந்த பாயின்ட்டுக்கு எர்த் கம்பி வந்திருக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும். பாட்டுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. எர்த் இல்லாத அறையில் ஹீட்டரும் அயர்ன் பாக்ஸும் ஓடுவது உயிருக்கு ஆபத்து. சுவர் பாயின்ட்டை நீங்களே கழற்றக் கூடாது.

எர்த் சரியாக இருந்தும் இரைச்சல் தொடர்ந்தாலோ, சார்ஜரே இரண்டு கம்பி வகையாக இருந்தாலோ, ஒரு முனையை யுஎஸ்பியில் செருகி, மறுமுனையில் ஹெட்போனை மாட்டும் யுஎஸ்பி டாங்கிள் ஒன்று வாங்குங்கள். லேப்டாப்பின் போர்டில் மின்விசிறி, டிஸ்க், சார்ஜிங் சர்க்யூட் எல்லாம் இரைந்துகொண்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒலிச் சில்லும் இருக்கிறது. டாங்கிள் அந்த வேலையை வெளியே கொண்டுவந்துவிடும். விரல் நீளத்துக்கு இருக்கும் அந்த ஒயருக்குள் டாக், ஆம்ப் இரண்டும் உண்டு. ஆப்பிள் விற்கும் யுஎஸ்பி-சி டாங்கிள் ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும். சத்தமும் சுத்தமும் உங்கள் ஹெட்போனுக்குப் போதும், லேப்டாப்பில் ஒழுங்காக வேலை செய்யும். ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்களில் அதன் சத்தம் பாதியில் நின்றுவிடும். உங்கள் போன் ஆண்ட்ராய்டு என்றால், ஆண்ட்ராய்டில் முழுச் சத்தம் வரும் என்று உறுதி தெரிந்த வேறு டாங்கிளை ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரத்துக்குள் வாங்குங்கள். போன், லேப்டாப் இரண்டுக்கும் அது ஒன்றே போதும். யுஎஸ்பி வழியாகவும் கொஞ்சம் இரைச்சல் வரக்கூடும். அதனால் திருப்பிக் கொடுக்க வசதியுள்ள கடையில் வாங்குங்கள்.

காசே செலவழிக்காமல் இன்னொரு பெரிய மாற்றம் செய்யலாம். விலை கூடினால் ஒலி நேராக இருக்கும் என்ற எண்ணம் ஆய்வில் நிற்கவில்லை. 2017-ல் அமெரிக்க ஒலியியல் கழகத்தின் இதழில் யெரூன் பிரேபார்ட் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார். ஹெட்போன் எந்த ஸ்வரத்தை எவ்வளவு தருகிறது என்பதற்கும் அதன் விலைக்கும் தொடர்பே இல்லை என்பதுதான் அதன் முடிவு. இந்த ஏற்ற இறக்கத்தை, பேஸ், ட்ரெபிள் (மேல் ஸ்தாயி ஒலி) என்று தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் (சுருக்கமாக ஈக்யூ) வைத்துப் பெருமளவு சரிசெய்துவிடலாம். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆட்டோஈக்யூ என்ற இலவசத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான ஹெட்போன்களுக்கு அமைப்புகள் தயாராக இருக்கின்றன, உங்களுடையதும் உண்டு. ஆண்ட்ராய்டில் வேவ்லெட் என்ற செயலி அதே அமைப்புகளைத் தருகிறது. ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் பலரைக் கேட்கவைத்து, எந்த ஒலி எவ்வளவு இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் பிடிக்கும் என்று காட்டும் ஒரு வளைகோட்டைக் கண்டுபிடித்தார்கள். இந்த அமைப்புகளில் பல அதை நோக்கித்தான் ஹெட்போனைத் திருப்புகின்றன.

ஆனால் மெத்தையை மாற்றிய பிறகு இதைச் செய்யுங்கள். கசியும் மெத்தையை வைத்துக்கொண்டு ஈக்யூவில் பேஸைக் கூட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. ஓரிடத்தில் 6 டெசிபல் கூட்டினால் மென்பொருளில் மொத்தச் சத்தத்தை அமைக்கும் ப்ரீஆம்ப் என்ற இடத்தில் 6 டெசிபல் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உச்சத்தில் ஒலி உடையும். குறும்பட வேலை செய்யும்போது இந்த ஈக்யூ உங்கள் காதுக்கு வரும் வழியில் மட்டும் இருக்க வேண்டும். ஏற்றுமதி செய்யும் கோப்பில் கலந்துவிடக் கூடாது.

ஈக்யூ போட்டபின் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சோதனைக்கென்று வெளிநாட்டு ஜாஸ் தட்டுகளைத் தேடி அலைய வேண்டாம். நீங்கள் கர்னாடக சங்கீதம் கேட்பவர். இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. தம்புராவை எடுத்துக்கொள்ளுங்கள். குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் வைக்கும் ஜீவா நூலால்தான் அந்த ரீங்காரம் பிறக்கிறது. ஒரு தந்தியை மீட்டினால் அதற்கு மேல் அடுக்கடுக்காகத் துணை ஸ்வரங்கள் விரியும். ட்ரெபிள் சரியாக இருந்தால் அந்த அடுக்குகள் தனித்தனியாகக் கேட்கும். கூடிப்போனால் கொசு ரீங்காரமாகும், குறைந்தால் வெறும் 'ம்ம்' மட்டும் மிஞ்சும். மிருதங்கத்தின் வலந்தலையில் இருக்கும் கறுப்புப் பொட்டுதான் அந்தத் தோலின் துணை ஸ்வரங்களைச் சுருதியோடு சேர்க்கிறது. சி.வி. ராமன் 1920-லேயே இதைப் பற்றி எழுதினார். அதனால் வலந்தலையில் 'நம்' அடிக்கும்போது உங்களுக்கு ஒரு ஸ்வரம் கேட்க வேண்டும், வெறும் தட்டல் அல்ல. ரவை பூசிய இடந்தலையில் கும்கி என்ற சறுக்கொலி வழுக்கி ஏறும்போது அந்த ஏற்றம் முழுவதும் ஒரே சீராகத் தொடர வேண்டும். நடுவில் எங்காவது திடீரென்று வீங்கினால் அந்த இடத்தில் பேஸ் கூடுதல். கச்சேரி கேட்டுப் பழகியது உங்கள் காது. அதை நம்புங்கள்.

ஹை-ரெஸ் சந்தா வேண்டாம். சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரியெடுப்பு, அதாவது ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து பதிவது, 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத் தாங்கும். மனிதக் காதின் எல்லை 20. 2007-ல் மேயரும் மோரனும் ஆடியோ பொறியியல் கழக இதழில் வெளியிட்ட சோதனையில், உயர்தர வட்டின் ஒலியையும் அதையே சிடி தரத்துக்கு இறக்கிய ஒலியையும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். 554 முறையில் 276 முறை சரியான விடை வந்தது, பாதிக்குப் பாதி. உங்கள் காதிலேயே சோதிக்க விரும்பினால் ஃபூபார்2000 மென்பொருளில், எது ஓடுகிறது என்று காட்டாமல் மாற்றிப் போட்டுச் சோதிக்கும் ஏபிஎக்ஸ் என்ற இலவச வசதி இருக்கிறது. நீங்கள் கேட்கும் பழைய பாடல்களுக்கு வேறொரு விஷயம்தான் முக்கியம். மோனோவில் பதிவானவற்றைப் பிற்காலத்தில் எதிரொலி சேர்த்து, செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கி, சிலவற்றில் புது டிரம்ஸ்கூட அடித்து வெளியிட்டிருக்கிறார்கள். ஒரே பாட்டின் இரண்டு மூன்று பதிப்புகளைத் தேடி, கை வைக்காத மோனோ பதிப்பைக் கண்டுபிடியுங்கள். எந்த ஹை-ரெஸ் கோப்பும் அந்த வித்தியாசத்தைத் தராது.

இப்போது கணக்குப் போடுவோம். மெத்தை 700, டாங்கிள் 1,500 என்றால் 2,200 ரூபாய். மிச்சம் 5,800. இதில் ஒரு பொருள் வாங்கலாம் என்று மனசாரச் சொல்வேன்: இரண்டாயிரம் ரூபாயில், காதுத் துளைக்குள் செருகும் ஒயர் உள்ள ஒரு இன்-இயர். மூன்டிராப் சூ, செவன்ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ போன்றவை அந்த விலையை ஒட்டிக் கிடைக்கின்றன. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் இந்த விலைக்கு இவ்வளவு நேர்மையான ஒலி கிடைத்ததில்லை. என்னிடமே ஒன்று இருக்கிறது, பயணத்தில் அதைத்தான் மாட்டிக்கொள்கிறேன்.

இதைச் சொல்வதற்கு ஒலியைவிடப் பெரிய காரணம் உங்கள் அறை. தலைக்கு மேல் மின்விசிறி, வராந்தாவில் பேச்சு, பக்கத்து அறையில் ஒரு ஸ்பீக்கர். இவ்வளவுக்கும் மேலே பாட்டு கேட்க வேண்டும் என்று நாம் அறியாமலே சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவோம். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபல்தான் பாதுகாப்பான எல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 90 டெசிபலுக்குப் போனால் அது வாரத்துக்கு வெறும் 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். காதுத் துளையை நன்றாக அடைக்கும் இன்-இயர் வெளிச்சத்தத்தைத் தடுப்பதால் குறைந்த சத்தத்திலேயே எல்லாம் கேட்கும். ஒலி வேலைக்கு வர நினைக்கும் உங்களுக்குக் காதுதான் முதல். மூன்று அளவு ரப்பர் முனைகள் கூடவே வரும். மூன்றையும் போட்டுப் பாருங்கள். வலது காதுக்கு ஒன்று, இடது காதுக்கு வேறொன்று என்றுகூட அமையலாம், அது இயல்புதான். பேஸ் இல்லை என்று இன்-இயர் மேல் புகார் சொல்பவர்கள் பலர் முனையின் அளவை மாற்றியே பார்த்திருக்க மாட்டார்கள்.

கப்பின் வெளிப்பக்கம் மூடாத திறந்த வகை ஹெட்போன்கள் அருமையாக இருக்கும் என்று எங்காவது படித்திருப்பீர்கள். உண்மைதான். கச்சேரி அரங்கின் விரிவு அவற்றில் கேட்கும். ஆனால் விடுதிக்கு ஆகாது. வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும், உங்கள் பாட்டு அப்படியே அறைத்தோழனுக்குக் கேட்கும். வேலை கிடைத்து, தனி அறை அமைந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். புளூடூத் இயர்பட்ஸ் பாட்டுக்குச் சரி, எடிட்டிங்குக்கு வேண்டாம். ஒலி ஒரு நொடியின் சிறு பகுதி தாமதமாக வருவதால் உதட்டசைவோடு வசனத்தைப் பொருத்தவே முடியாது.

மீதம் இருக்கும் 3,800 ரூபாயை என்ன செய்வது என்று கேட்பீர்கள். எதுவும் செய்ய வேண்டாம், வங்கியிலேயே இருக்கட்டும். ஆறு மாதம் இதே கருவிகளில் வேலை செய்யுங்கள். ஒரே ஹெட்போனில் நூறு மணி நேரம் வேலை செய்தவருக்கு அதன் குறைகள் எல்லாம் மனப்பாடம் ஆகிவிடும். என் மூத்தவர் முதல் வருடம் முழுவதும் என்னை ஒரே ஹெட்போனில்தான் உட்கார வைத்தார். அப்போது அலுப்பாக இருந்தது. பிறகு எந்த ஸ்டுடியோவுக்குப் போனாலும், "இங்கே நடுப்பகுதி கொஞ்சம் கூட இருக்கிறது" என்று பத்து நிமிடத்தில் சொல்ல முடிந்தது அதனால்தான். முடித்த படத்தைப் போனின் ஸ்பீக்கரிலும் ஒருமுறை போட்டுக் கேளுங்கள். உங்கள் நண்பர்களின் படத்தைப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அதில்தான் பார்க்கப்போகிறார்கள். வசனம் அங்கே புரியவில்லை என்றால் எந்த ஹெட்போனில் நன்றாக இருந்தும் பயனில்லை.

மெத்தையை இன்றே வரவழைத்துவிடுங்கள். இப்போது கையில் ஏதாவது குறும்படம் முடிக்கும் நிலையில் இருந்தால், புது மெத்தையில் ஒருமுறை முழுதாகக் கேட்கும் வரை இயக்குநரிடம் கொடுக்க வேண்டாம். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து என்ன சொன்னார் என்று எழுதுங்கள். எர்த் சரியாக இருந்தும் இரைச்சல் நிற்கவில்லை என்றால், லேப்டாப்பின் மாடலையும் சார்ஜர் பிளக்கின் படத்தையும் அனுப்புங்கள். டாங்கிள் வாங்கும் முன் இன்னொருமுறை பார்த்துவிடலாம்.